அந்த ‘உஸ்’ சத்தம்

மலைச் சைக்கிளின் ஷாக்குக்குக் காற்றடிக்கும் பம்பைக் கழற்றும்போது ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வரும். அரை நொடிதான். அந்தச் சத்தத்துக்குத் தப்பான அர்த்தம் எடுத்துக்கொண்டு எட்டு மாதம் அலைந்தேன். நடுவில் ஒரு பட்டறைக்குப் பணம் வேறு கட்டினேன். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். பின்பக்க ஷாக் வைத்த மலைச் சைக்கிளைப் புதிதாக வாங்கியவர் யாராவது படித்தால் எட்டு மாதம் மிச்சம்.

இருப்பது சிங்கப்பூரில். இங்கே மலையா என்று ஊரில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். தீவின் மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான். எங்கள் தேனிப் பக்கம் அதைக் கரடு என்போம். ஆனால் செஸ்நட் பூங்காவில் 81 ஹெக்டேர் காட்டுக்குள் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் அந்தச் செம்மண்ணில் வேர்கள் நரம்பு மாதிரிப் புடைத்துக்கொண்டு நிற்கும். அதன்மேல் ஒருமுறை போய் வந்தால் உயரத்தைப் பற்றிய பேச்சு எழாது.

சைக்கிள் பழையது, கைமாறி வந்தது. பின்சக்கரம் 130 மில்லிமீட்டர் மேலே ஏறி இறங்கும். அந்த அசைவைத் தாங்குவது சட்டகத்தின் நடுவில் படுத்திருக்கும் ஒரு காற்று ஷாக். உள்ளே கம்பிச்சுருள் கிடையாது. அடைத்து வைத்த காற்றுதான் ஸ்பிரிங். அதில் எவ்வளவு காற்று என்பதை ஓட்டுபவரின் எடையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதற்கென்று தனியாக ஒரு சின்ன கைப்பம்பு உண்டு. வால்வு என்னவோ பைக், கார் டயரில் இருக்கிற அதே வால்வுதான். அதற்காகப் பெட்ரோல் பங்க்கில் கொண்டுபோய்க் காற்றடிக்க முடியாது, ஷாக்குக்கு வேண்டிய அழுத்தம் இருநூறு பி.எஸ்.ஐ.யை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) ஒட்டியது.

என் எடை 78 கிலோ. தண்ணீர்ப் பை, தலைக்கவசம், ஷூ எல்லாம் சேர்த்து 82 என்று வையுங்கள், அதாவது 181 பவுண்டு. உடல் எடை எத்தனை பவுண்டோ அத்தனை பி.எஸ்.ஐ.யில் தொடங்கு என்பது பரவலான ஒரு கணக்கு. தொடங்குவதற்குத்தான், முடிப்பதற்கு அல்ல. நான் 180 அடித்தேன். பம்பைக் கழற்றினேன். ‘உஸ்’.

அடுத்த வாரம் பம்பை மாட்டிப் பார்த்தால் முள் 165இல் நிற்கிறது. மறுபடி 180. மறுபடி ‘உஸ்’. அதற்கடுத்த வாரமும் 165. சரி, எங்கேயோ கசிகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பட்டறையில் சொன்னேன். அவர்களும் ஷாக்கைப் பிரித்து, சீல்களை மாற்றி, எண்ணெய் விட்டு, பில்லோடு கொடுத்தார்கள். குறை சொல்ல மாட்டேன். ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை காற்றறையைப் பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லும் ஷாக்குகள் இருக்கின்றன, என்னுடையதும் அந்த ரகம்தான். செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்தார்கள். ஆனால் நான் சொன்ன நோய் உண்மையா என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துப் பம்பை மாட்டினேன். 165.

சின்ன வயதில் பஞ்சர் கடையில் நின்று வேடிக்கை பார்த்தவன்தானே நான். ட்யூபைத் தண்ணீரில் முக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் முட்டை முட்டையாய்க் குமிழ் வரும். ஷாக்கின் மேல் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த யோசனை வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மகா புத்திசாலித்தனம் செய்தேன். எப்படியும் கசியத்தானே போகிறது, முன்கூட்டியே 200 அடித்து வைப்போம் என்று.

உண்மையில் நடந்தது இதுதான். ஷாக்கின் காற்றறை மிகச் சிறியது, கைக்குள் அடங்கும் அளவு. பம்பின் குழாயும் அழுத்தமானியும் வெறுமையாக இருக்கின்றன. மாட்டியவுடன் அறையிலிருந்து கொஞ்சம் காற்று குழாய்க்குள் பாய்ந்து அதை நிரப்புகிறது. லாரி டயருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இத்தனூண்டு அறைக்கு அது பதினைந்து பி.எஸ்.ஐ. இழப்பு. ஆக, முள் 165 காட்டியது வாரம் முழுக்கக் கசிந்ததால் அல்ல. நான் பம்பை மாட்டிய அந்த நொடியில் நானே திருடியதால். கழற்றும்போது வரும் ‘உஸ்’ஸும் குழாயில் மிச்சமிருக்கும் காற்றுதான், ஷாக்கின் காற்று அல்ல. அளக்கிற செயலே அளவை மாற்றிவிடுகிறது. சூடு பார்க்கிறேன் என்று குழம்பைக் கரண்டி கரண்டியாக எடுத்துக் குடித்துவிட்டு, பாத்திரம் ஒழுகுகிறது என்று புகார் சொன்ன கதை.

200இல் சைக்கிள் கட்டை மாதிரி ஆகிவிட்டது. ஒரு வேர்ப்படியில் இறங்கும்போது பின்சக்கரம் உதைத்து என்னைக் கைப்பிடிக்கு மேலே தூக்கியது. விழவில்லை, ஆனால் பயந்துவிட்டேன். ஷாக்கின் ஒரு முனையில் சிவப்புத் திருகு ஒன்று உண்டு, ரீபவுண்டு என்பார்கள். அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாக மீள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது அது. ஆமைப் பக்கம் திருப்பினால் மெதுவாக, முயல் பக்கம் திருப்பினால் வேகமாக. உதைக்கிறதா, இரு, ஆமைப் பக்கம் கடைசி வரை திருப்பிவிட்டேன்.

உதைப்பது நின்றது. ஆனால் வேர் வரிசைகளில் முதுகெலும்பு குலுங்க ஆரம்பித்தது. கடினமாக இருக்கிறது என்றால் காற்று அதிகம் என்றுதானே தோன்றும்? குறைத்தேன், 150க்கு. இப்போது சைக்கிள் தாழ்ந்துபோய் பெடல்கள் வேரில் இடித்தன, பாறையில் இறங்கினால் ‘டங்’ என்று அடி வாங்கியது. அப்படியும் வேர்களில் குலுங்கல் போகவில்லை. எரிச்சலில் நீல நெம்புகோலை நடு நிலைக்குத் தள்ளினேன். ஷாக் சுலபமாக அமுங்காதபடி உள்ளே எண்ணெயின் பாதையை நெருக்கும் நெம்புகோல் அது. இப்படி ஒரு தப்பை மறைக்க அதன்மேல் இன்னொரு தப்பாக நாலு மாடி கட்டியாயிற்று.

இதை இடித்தவர் ஒரு மூத்த நண்பர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், எனக்கு அண்ணன் முறை. புலாவ் உபின் தீவில் கேத்தாம் என்று ஒரு சைக்கிள் பூங்கா இருக்கிறது. பழைய கருங்கல் குவாரியைச் சுற்றிப் போட்ட பாதைகள். அங்கே போகச் சாங்கி படகுத்துறையில் காத்திருந்தோம். உபின் படகு நேரம் பார்த்துக் கிளம்பாது, பன்னிரண்டு பேர் சேர வேண்டும். ஒன்பது பேர் இருந்தோம். அந்த நேரத்தில் அவர் சும்மா என் சைக்கிள் இருக்கையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தார். இருக்கை மெல்ல, மெல்ல எழுந்தது.

“என்ன தம்பி இது, தூக்கத்துல இருக்கிற பிள்ளைய எழுப்பின மாதிரி எழுந்திருக்குது?”

“உதைச்சுதுண்ணே. அதான் ஆமைப் பக்கம் வச்சேன்.”

“எத்தனை க்ளிக்?”

“கடைசி வரைக்கும்.”

அவர் எதுவும் சொல்லவில்லை. குனிந்து சிவப்புத் திருகை எண்ணிக்கொண்டே எட்டு க்ளிக் முயல் பக்கம் திருப்பினார், நீல நெம்புகோலைத் திறந்துவிட்டார். பிறகு, “காத்து எவ்வளவு?” என்றார். நான் கசிவு, சீல், 200, 150 என்று முழு வரலாற்றையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டார், அதுவே பெரிய விஷயம். “நம்பர நம்பாத தம்பி. தொய்வ அள. கசியுதான்னு தெரியணும்னா இந்த வாரம் தொய்வு எவ்வளவு, அடுத்த வாரம் எவ்வளவுன்னு பாரு. அது மாறலன்னா எதுவும் கசியல.” உண்மையில் அவர் சேக் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் சொன்னார். எனக்குத் தொய்வு என்பது இன்னும் சரியாகப் பொருந்துவதாகப் பட்டது.

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தால் கொஞ்சம் தொய்ய வேண்டும். தொய்யவே இல்லையென்றால் அது பலகை. தரையைத் தொட்டால் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். சைக்கிளிலும் ஓட்டுபவர் வெறுமனே ஏறி நின்றாலே ஷாக் தான் அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் 25 முதல் 30 சதவீதம் வரை அமுங்க வேண்டும். இதை வீண் என்று நினைத்திருந்தேன். மேட்டில் ஏறத்தானே அசைவு வேண்டும், ஏன் கால்வாசியை முன்பே செலவழிக்க வேண்டும்? பதில் பள்ளத்தில் இருக்கிறது. சக்கரத்துக்கு மேலே போக மட்டும் இடமிருந்தால் போதாது. குழி வரும்போது கீழே இறங்கித் தரையைத் தொடவும் இடம் வேண்டும். அந்த இடம்தான் தொய்வு. 200இல் எனக்கு அது போதாமல் போய், சக்கரம் குழிகளின் மேல் அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், ஒரு தூணோரம் சைக்கிளைச் சாய்த்து, பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தேன். என் ஷாக்கின் தண்டு மொத்தம் 45 மில்லிமீட்டர் உள்ளே போகும். பின்சக்கரம் 130 நகர ஷாக் 45 நகர்கிறது என்றால் விகிதம் கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. ஷாக்கில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் சக்கரத்தில் மூன்று. ஆகவே ஸ்கேலைத் தோராயமாகப் பிடிக்கிற வேலையே கூடாது. 45இல் 30 சதவீதம் 13.5 மில்லிமீட்டர்.

அந்த மூன்றுக்கு ஒன்று விகிதம்கூட எல்லா இடத்திலும் அப்படியே இருக்காது, அமுங்க அமுங்க மாறும். அதைத் தீர்மானிப்பது பின்சட்டகத்தின் மூட்டுகள். என் சைக்கிளில் பின் அச்சுக்குச் சற்று முன்னால், கீழ்க்கம்பியில் ஒரு மூட்டு இருக்கிறது. மோட்டார் சைக்கிள் உலகத்திலிருந்து வந்த ஹோர்ஸ்ட் லைட்னர் என்ற ஆஸ்திரியர் அமைத்த ஏற்பாடு, அவர் பெயராலேயே ஹோர்ஸ்ட் லிங்க். அந்தக் காப்புரிமையை 1998இல் ஸ்பெஷலைஸ்டு என்ற சைக்கிள் நிறுவனம் வாங்கிவிட்டது. 2013இல் அது காலாவதியாகும் வரை அமெரிக்காவில் மற்ற நிறுவனங்கள் உரிமத்துக்குப் பணம் கட்டவோ வேறு வழி தேடவோ வேண்டியிருந்தது. ஒரே ஒரு மூட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதற்காக வக்கீல்கள் சம்பாதித்திருக்கிறார்கள்! இதைப் படித்த அன்று தூங்கப் போக மணி இரண்டாகிவிட்டது.

சரி, வேலைக்கு வருவோம். காற்றடிப்பதிலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஷாக்குக்குள் இரண்டு அறைகள். பெரிய அறை சைக்கிளைத் தூக்கி நிறுத்துகிறது. அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்ன அறை, சின்னச் சின்ன மேடுகளுக்கும் ஷாக் தயங்காமல் அமுங்க உதவுகிறது. பம்பு நிரப்புவது பெரிய அறையை மட்டும்தான். ஷாக் கொஞ்சம் அமுங்கும்போது திறக்கும் ஒரு சந்து வழியாகத்தான் காற்று மறுபக்கம் போய்ச் சமமாகும். அதனால் ஒரே மூச்சில் 180 அடிக்கக் கூடாது. ஐம்பது ஐம்பதாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் இருக்கையை மெதுவாகப் பத்துத் தடவையாவது அழுத்த வேண்டும். அழுத்திய பிறகு முள் இறங்கியிருக்கும். அதுவும் கசிவு அல்ல! காற்று பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது.

பிறகு தொய்வை அளப்பது. காட்டுக்குப் போகும்போது எதெல்லாம் மாட்டுவேனோ அதெல்லாம் மாட்டிக்கொண்டு, இரண்டு லிட்டர் தண்ணீரையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, நீல நெம்புகோலைத் திறந்து வைத்து, தூணில் ஒரு முழங்கை ஊன்றிப் பெடல்மேல் நின்றேன். சீல்களின் பிடிப்பு விடுபட நாலைந்து தடவை குலுக்கினேன். தண்டின் மேல் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதைச் சீல் வரை தள்ளி ஒட்டி வைத்துவிட்டு, அலுங்காமல் இறங்க வேண்டும். இந்த ‘அலுங்காமல்’ எனக்கு வரவில்லை. தொப்பென்று குதிப்பேன், வளையம் ஓடிவிடும். கடைசியில் மனைவியைக் கூப்பிட்டேன். வளையத்தைத் தள்ளி வைக்கிற வேலை அவளுக்கு.

“என்னங்க, கல்யாணத்துக்கு அளவு சட்டை தைக்கக்கூட நீங்க இவ்வளவு நேரம் நிக்கலயே?”

மேலே மூன்றாம் மாடித் தாழ்வாரத்திலிருந்து ஒரு பாட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

200இல் தொய்வு 10 மில்லிமீட்டர், 22 சதவீதம்தான். 180இல் 12. 170இல் 13, அதாவது 29 சதவீதம். அங்கே நிறுத்தினேன். ஒரு வாரம் கழித்துப் பம்பைத் தொடாமல் மறுபடி நின்று அளந்தோம். அதே 13. எட்டு மாதமாக ஒழுகிய ஷாக் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

இனி ரீபவுண்டு. என்னை அதிகம் குழப்பியதும், புரிந்தபோது அதிகம் சந்தோஷப்படுத்தியதும் இதுதான். மெதுவாக மீள்கிற ஷாக் ஏன் கடினமாகத் தோன்ற வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஐந்து மீட்டர். வேர்கள் அரை மீட்டருக்கு ஒன்றாக இருந்தால் ஒரு வேருக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருப்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு. முதல் வேரில் அமுங்கிய ஷாக் அதற்குள் எழுந்தாக வேண்டும். எழாவிட்டால் இரண்டாம் வேரைப் பாதி அமுங்கிய நிலையிலேயே சந்திக்கிறது, மூன்றாவதை இன்னும் தாழ்ந்து, ஐந்தாவது வேர் வரும்போது அமுங்க இடமே இல்லை. அழுத்த அழுத்தக் காற்று முறுக்கேறும் என்பதால் அந்த ஆழத்தில் ஷாக் கல். ஆக, நான் ‘காற்று அதிகம்’ என்று உணர்ந்தது உண்மையில் ‘நேரம் போதவில்லை’. காற்றைக் குறைத்தபோது இன்னும் ஆழத்தில் போய் உட்கார்ந்தது, இன்னும் கல்லானது. முதுகு பொய் சொல்லவில்லை. ஆனால் வலி இருக்கிற இடத்துக்கும் காரணம் இருக்கிற இடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அதற்காக முயல் பக்கம் ஓடிவிடவும் கூடாது, பழைய உதை திரும்பி வரும். நடைபாதை விளிம்பிலிருந்து இருக்கையில் உட்கார்ந்தபடியே இறங்கிப் பார்ப்பது ஒரு பழைய சோதனை. பின்பக்கம் அமுங்கி, எழுந்து, ஒரே ஒரு தடவை லேசாக மேலே போய் நிலைக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் வேகம் அதிகம், ஆடவே இல்லையென்றால் மந்தம். அதில் ஓரளவு பிடித்துக்கொண்டு, செஸ்நட்டில் ஒரே வேர் வரிசையைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு க்ளிக்காக மாற்றி ஏழு தடவை ஓட்டினேன். ஏழாம் தடவை ஒரு குரங்குக் கூட்டமே உட்கார்ந்து பார்த்தது. ஆமைப் பக்கத்தின் கடைசியிலிருந்து ஒன்பது க்ளிக் எனக்குச் சரியாக வந்தது. என்னுடைய ஒன்பது உங்களுக்கு ஆகாது, அழுத்தம் கூடினால் காற்று வேகமாகத் தள்ளும், அதை அடக்க ஆமைப் பக்கம் கொஞ்சம் போக வேண்டும். காற்றைத் தொட்டால் ரீபவுண்டையும் தொட்டாக வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் பொது.

கேத்தாமில் ஒரு பாறைப் படியில் மட்டும் ‘டங்’ மிச்சமிருந்தது. வளையம் தண்டின் கடைசிக்கே தள்ளப்பட்டிருந்தது, அதாவது 45 மில்லிமீட்டரும் தீர்ந்துவிட்டது. எப்போதாவது ஒருமுறை தீர்ந்தால் நல்லது, வாங்கியதை முழுசாகப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு இறக்கத்திலும் தீர்ந்தால் சரியில்லை. காற்றை ஏற்றினால் தொய்வு கெடும். இதற்கு வேறு வழி இருக்கிறது, காற்றறைக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டைப் போட்டு இடத்தைக் குறைப்பது. பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட பாயில் விதிதான், 1662இல் அவர் வெளியிட்டது. பருமன் பாதியானால் அழுத்தம் இரட்டிப்பு. அறை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால், முழுக்க அமுங்கும்போது தண்டு அறுபது பங்கை விழுங்கி நாற்பதாக்குகிறது, அழுத்தம் இரண்டரை மடங்கு. பத்துப் பங்குக்குத் துண்டு போட்டால் தொடக்கம் தொண்ணூறு, முடிவு முப்பது, அழுத்தம் மூன்று மடங்கு. தொடக்கத்தில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, கடைசியில் மட்டும் முட்டுக்கொடுக்கும். ஒரு துண்டு போட்டேன். பிரிக்கும் முன் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும். அழுத்தத்தோடு காற்றறையைக் கழற்றினால் அது பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும், இதில் விளையாட்டு வேண்டாம். காற்றை இறக்கிய பிறகும் ஷாக் அமுங்கியபடியே சிக்கிக்கொண்டிருந்தால் தொடவே தொடாதீர்கள், உள்ளே எதிர் அறையில் காற்று மாட்டியிருக்கலாம். அது பட்டறைக்காரர் வேலை.

நீல நெம்புகோலைப் பற்றி எழுத அதிகம் இல்லை. தார்ச்சாலையில் மிதிக்கும்போது மூடு, காட்டில் திற. நான் திறக்க மறந்து பாதித் தூரம் போவது இன்னும் நடக்கிறது.

போன மாதம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். இருபது வருடமாக ஸ்ப்ளெண்டர் ஓட்டுபவர். அதன் பின் ஷாக்கில் ஐந்து படிகள் உண்டு. அம்மாவை டபுள்ஸ் ஏற்றும்போது ஸ்பானர் போட்டு இரண்டு படி ஏற்றுவார், தனியாகப் போகும்போது இறக்குவார். வேறு யாரும் அதைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை எங்கள் தெருவில். என் சைக்கிளைச் சுற்றி வந்தவர் இருக்கையை ஒரு கையால் அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கிப் பார்த்தார்.

“என்னடா இது, இப்படிக் குழையுது? டபுள்ஸ் ஏத்துனா தரையில ஒக்காந்துரும் போலயே.”

“இதுல டபுள்ஸ் கிடையாதுப்பா. பின்னாடி சீட்டே இல்ல பாருங்க.”

“ஓ” என்றார். கொஞ்ச நேரம் ஷாக்கைக் குனிந்து பார்த்துவிட்டு, “எத்தனாவது படியில வச்சிருக்க?” என்று கேட்டார்.